அலுப்பு போகிற இடம்

கரண்டு போன ஒரு ராத்திரி, இன்னும் யார் வீட்டிலும் சாப்பாட்டுத் தட்டு கழுவி முடியாத நேரத்தில், ஆர்பர் காலனி சி பிளாக்கின் கீழ்த்தளத்தில் வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த மூலை வீட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. வெண்கலக் கிண்ணத்தில் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் போட்டால் வருமே, அப்படியொரு சத்தம். போட்டு, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி போட்டு, போடுகிற கைக்கே அதில் ஒரு ராகம் பிடிபட்டுவிட்டதுபோல் திரும்பத் திரும்ப அதே வரிசையில் வந்த அந்தச் சத்தத்தை, இரண்டாவது மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பிள்ளைக்கு ரசஞ்சோறு ஊட்டிக்கொண்டிருந்த டெல்பின்தான் முதலில் கேட்டாள், ஏனென்றால் சி பிளாக்கில் சத்தங்களுக்குக் காது கொடுத்துக்கொண்டே இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் ஜோஸ்வின் கப்பலில் சமையல்காரன்; கல்யாணத்துக்குப் பிறகு அவன் கரையில் இருந்த நாட்களைவிடக் கடலில் இருந்த நாட்கள்தான் அதிகம். டெல்பின் வளர்ந்தது பாளையங்கோட்டையில் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில். மணி அடித்ததும் சிஸ்டர் டார்ச் வெளிச்சத்தோடு வந்து கட்டில் கட்டிலாக எண்ணிப் பார்த்துவிட்டுப் போகிற இடத்தில் தூங்கிப் பழகியவளுக்கு, எண்ணிப் பார்க்க யாருமில்லாத இந்தத் தூத்துக்குடி வீட்டில், துறைமுகத்துக் கிரேன்கள் ராத்திரியெல்லாம் முனகுகிற இந்த வீட்டில், தூக்கம் என்பது கண்ணை மூடிக்கொண்டு விழித்திருப்பதுதான். பிள்ளை இன்பென்டாவுக்கு இரண்டரை வயது. பிளாக் முழுக்க இன்பா என்று கூப்பிடும். அந்தச் சத்தம் கேட்டதும் இன்பா வாயில் இருந்த சோற்றை விழுங்காமலே எழுந்து நின்று இடுப்பை ஆட்டி ஆட ஆரம்பித்தாள். டெல்பின் அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

கீழே அதற்குள் செல்போன் வெளிச்சங்கள் கூடிவிட்டன. பிளாக் சங்கத்தின் செயலாளர் ராஜமணி அண்ணாச்சி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர், வாழ்நாளெல்லாம் மேலேயே பார்த்துப் பார்த்துக் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிப்போனவர், ஒரு செங்கல்லால் பூட்டை நாலு தட்டுத் தட்டினார். கதவு திறந்தது. உள்ளே தரையெல்லாம் புறா எச்சம். மூலையில், ஸ்டூலின் மேல், வீங்கின முதுகோடு ஒரு பழைய டிவி. அதன் முன்னால் ஒரு வீடியோ கேம் பெட்டி. அதில் செருகின மஞ்சள் கேசட். இரண்டுக்கும் உண்டான வயர்கள் தரையில் செத்த பாம்புபோல் கிடந்தன, எந்தப் பிளக்கிலும் மாட்டவில்லை, மாட்டியிருந்தாலும் ஊரிலேயே கரண்டு இல்லை. டிவியில் பச்சைப் பசேலென்று ஒரு தோட்டமும், தோட்டத்து நடுவில் சிவப்புத் தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதனும் தெரிந்தார்கள்.

"ஏய், தொப்பிக்காரன்ட்டி!" என்று கத்தினாள் மெர்சலின். மூன்றாவது மாடிக்காரி, றால் கம்பெனியில் ஐஸுக்குள் கையை விட்டு றால் உரிக்கிறவள். "சின்னப்பிள்ளைல சூசை கடையில மணிக்கணக்கா ஆடியிருக்கோம்லா! தொப்பிக்காரன் இன்னும் இருக்கானே!"

வயர் மாட்டவில்லை என்பதை யாரோ சொன்னார்கள், "ஆமா, மாட்டல" என்று யாரோ ஒத்துக்கொண்டார்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அந்த வீட்டில்தான் ஒரு காலத்தில் சூசை என்பவர் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிள்ளைகளை வீடியோ கேம் ஆட விட்டார். சுடுகிற கேம், குத்துகிற கேம், கார் ஓட்டுகிற கேம் எல்லாம் இருந்தாலும், அழுத கண்ணோடு வருகிற பிள்ளையும் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வருகிற பிள்ளையும் கேட்டது இந்த மஞ்சள் கேசட்டைத்தான். யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்தில் அதன் பேர் இருந்ததால் தொப்பிக்காரன் என்றே வைத்துக்கொண்டார்கள். அவன் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் விடுவான், குளத்தில் தூண்டில் போடுவான், கோழிக்குத் தீனி போடுவான், பொழுது சாய்ந்தால் குடிசைக்குள் போய்ப் படுத்துக்கொள்வான். அவனைக் கொல்ல யாரும் வருவதில்லை, அவனுக்கு அவசரம் இல்லை, அந்த ஆட்டத்தில் தோற்பதற்கு வழியே கிடையாது. இப்போது நாற்பதை எட்டுகிற ஆண்களும் பெண்களும், செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிட்டு, டிவியின் பச்சை வெளிச்சம் முகத்தில் விழ, தரையில் எச்சத்தைக் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார்கள்.

மெர்சலின் வயர் தொங்குகிற ரிமோட்டைக் கையில் எடுத்தாள். "பொறு பிள்ளே" என்றார் அண்ணாச்சி.

சி பிளாக்கில் ஒரு வழக்கம் உண்டு. புது மோட்டார் போட்டாலும், புது கேஸ் அடுப்பு வாங்கினாலும், புது வலை இறக்கினாலும், முதல் சுவிட்ச்சும் முதல் தீக்குச்சியும் முதல் முடிச்சும் பிளாக்கிலேயே சின்னப்பிள்ளை எதுவோ அதன் கையால்தான். பெரியவர்கள் கை பல பாவம் தொட்ட கை, பிள்ளை கை ராசியான கை என்று அதற்கு ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். "இங்கிலீஷ்காரி, பிள்ளைய இப்படிக் கொண்டா" என்றார் அண்ணாச்சி. கான்வென்ட்டில் படித்தவள் என்பதால் டெல்பினுக்கு அவர்கள் வைத்த பேர் அது. அந்த பிளாக்குக்கு வந்த நாள் முதலாய் அவளை ஒதுக்கவும் இல்லை, சேர்க்கவும் இல்லை. அவளிடம் இருந்து ஒரு கறிவேப்பிலைகூட யாரும் கேட்டதில்லை. முதல் தடவையாக அவர்களுக்கு அவளிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது. டெல்பின் கூட்டத்துக்குள் நுழைந்து, பிள்ளையின் ஆள்காட்டி விரலைத் தானே பிடித்து, ஸ்டார்ட் பட்டன் மேல் வைத்து அழுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள். இன்பாவும் தட்டினாள்.

மெர்சலின் ஒரு பாத்திக்குத் தண்ணீர் விட்டாள், ஒரு மீன் பிடித்தாள், தொப்பிக்காரனைக் குடிசைக்கு அனுப்பிவிட்டு எழுந்தாள். எழுந்தவள் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐஸ் தின்று தின்று பறவைக் கால்போல் வளைந்துபோயிருந்த விரல்கள், இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் உதறாமல் இருக்க முடியாத விரல்கள், நீட்டினால் நீண்டன, மடக்கினால் மடங்கின. "யாத்தே" என்றாள். "ஒடம்புல அலுப்பே இல்லியே."

அடுத்து ஆடினது அண்ணாச்சி. அவர் கழுத்து நேராயிற்று. முகத்தை முதல் தடவையாக முழுசாகப் பார்த்த அவர் மனைவி, "ஏ, நீங்க லெச்சணமாத்தான் இருக்கீய" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டாள்.

அன்று முதல் சி பிளாக் அந்த அதிசயத்தை, புதுசாய் வந்த மருமகளை ஏற்றுக்கொள்வதுபோல், முதலில் கொஞ்சம் முறைத்து, பிறகு வேலை வாங்கி, பிறகு அது இல்லாத வீடு எப்படி இருந்தது என்பதையே மறந்துபோய், ஏற்றுக்கொண்டது. தரையைப் பினாயில் போட்டுக் கழுவினார்கள். செருப்பை வெளியில் விடவேண்டும் என்றானது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு முறை, றால் கம்பெனிப் பெண்களுக்கு ஒரு முறை, பள்ளிக்கூட வாத்தியார்களுக்கு ஒரு முறை என்று சங்கம் முடிவு செய்தது. தொப்பிக்காரனைக் குடிசைக்கு அனுப்பாமல் ஆட்டத்தை இழுத்துக்கொண்டே போனதற்காக இரண்டு குடும்பங்கள் ஒரு வாரம் பேசாமல் இருந்தன. மின்வாரியத்திலிருந்து ஒருத்தர் திருட்டுக் கரண்டு என்று கேள்விப்பட்டு வந்தார், தரையில் கிடந்த வயரைத் தூக்கிப் பார்த்தார், "ஒரு கேம் ஆடிட்டுப் போங்க சார்" என்றார்கள், ஆடினார், கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மந்திரிக்க வந்த பங்குச் சாமியார் தீர்த்தம் தெளிக்கிற கையை ரிமோட்டுக்குக் கொடுத்து, கோழிகளுக்கெல்லாம் தீனி போட்டு முடித்துவிட்டு, இதில் பாவம் எதுவும் தனக்குத் தென்படவில்லை என்று சொல்லி, வியாழன்தோறும் வந்தார். பிளாக்கில் சாயங்காலக் குடி குறைந்தது. மாமியார்கள் மெதுவாகப் பேசினார்கள். ராத்திரி சி பிளாக்கைத் தாண்டிப் போகிறவர்கள் அந்தக் கட்டடமே மூச்சு விட்டுக்கொண்டு தூங்குகிறதாகச் சொன்னார்கள்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினது இன்பாதான். ஒருதரம் கல்பனா டீச்சர், முதல் மாடிக்காரி, பிள்ளை தூங்குகிறதே என்று தன் கையாலேயே அமுக்கி ஆடிப் பார்த்தாள். கத்தரி காய்த்தது, மீன் மாட்டியது, ஆனால் வந்த அலுப்போடுதான் எழுந்து போனாள். "ராசி இல்ல" என்றார்கள். அதிலிருந்து இன்பாவை இடுப்பு மாற்றி இடுப்பு தூக்கிக்கொண்டு போனார்கள், ராசாத்தி என்றார்கள், நெய் பிஸ்கட் கொடுத்தார்கள், மக்ரூன் கொடுத்தார்கள், பிள்ளையின் தாய்க்குக் கறிவேப்பிலை மட்டுமல்ல, குழம்பே கொடுத்தார்கள்.

டெல்பினும் ஆடினாள். பிரசவ மேசையிலிருந்து இறங்கிய நாள் முதலாய் எலும்புக்குள் உட்கார்ந்திருந்தது எதுவோ, தூங்காத ராத்திரிகளின் பாரமோ, கப்பல் மூழ்கிவிட்டதாக விழித்துக்கொண்டே காண்கிற கனவுகளோ, தொப்பிக்காரன் நாலு பாத்திக்குத் தண்ணீர் விடுவதற்குள் இறங்கிப் போய்விட்டது. ஹாஸ்டல் மாடிப்படியில் இரண்டு இரண்டு படியாகத் தாவின கால் திரும்பக் கிடைத்தது. அன்று ராத்திரி அவள் நிஜமாகவே தூங்கினாள். விழித்ததும் முதலில் வந்தது சந்தேகம்.

நல்லது நடந்தால் அவளுக்குச் சந்தேகம்தான் வரும். குழம்பு கொடுத்தால் ஏன் கொடுக்கிறார்கள், சிரித்தால் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பௌதிகம் எடுத்த சிஸ்டர் பெர்னதெத், இருக்கிற எதுவும் இல்லாமல் போகாது, வேறு இடத்துக்குத்தான் போகும் என்பதை வேதபாடத்துக்குச் சமமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். துணி காயப்போடுகிற கொடியடியில் டெல்பின் மெர்சலினிடம் கேட்டாள்: "அலுப்பு போகுது, சரி. எங்கக்கா போகுது?"

"நீ குளிச்ச தண்ணி எங்க போகுதுன்னு கேட்டியா? போகுதுல்லா. விடு."

"நெசமாத்தான் கேக்கேன்."

"ஏட்டி, ஒனக்கு நிம்மதியா இருந்தா புடிக்காது. ஆறிக் கெடக்கிற புண்ண நோண்டிப் பாக்கிற ஜாதி நீ." மெர்சலின் சிரித்துக்கொண்டே, உதறத் தேவையில்லாத விரல்களால் கிளிப் மாட்டினாள்.

கப்பலிலிருந்து பேசின ஜோஸ்வினிடமும் சொன்னாள். "தொப்பிக்காரனா? அய்யோ, அது நல்ல ஆட்டம் டெல்பி. நான் வந்தா எனக்கும் ஒரு முறை போட்டு வை" என்றான், காற்றுக்குள்ளிருந்து.

பிறகுதான் அவள் பிள்ளையைப் பார்க்க ஆரம்பித்தாள். பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் இப்போது ஹாஸ்டலில் சிஸ்டர் டார்ச் அடித்துப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இன்பா மாடிப்படியில் ஓடவில்லை, ஒரு கையை முழங்காலில் ஊன்றி, ஒரு படிக்கு ஒருதரம் நின்று, "ம்ம்... ம்ம்" என்று ஏறினாள். பொம்மையை எடுக்கக் குனிந்தவள் பாதியில் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு மேலே எதையோ பார்த்தாள், அங்கே விட்டத்தைத் தவிர ஒன்றுமில்லை. சோறு ஊட்டும்போது பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. நாற்பது பிள்ளைகளை நாள் முழுக்கக் கத்தி அடக்கிவிட்டு வந்தவளின் பெருமூச்சு, தொண்டைக் கட்டோடு கூடின பெருமூச்சு. அது கல்பனா டீச்சருடைய பெருமூச்சு என்பது டெல்பினுக்குத் தெரிந்தது, சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார், பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்றார். "கொஞ்சம் சோர்வா இருக்கு. சத்து மாவு குடுங்க. வீட்ல யாராவது ரொம்ப வேல வாங்குறீங்களா?" என்று தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

மறுநாள் றால் கம்பெனிப் பெண்களின் முறைக்கு டெல்பின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு மூலை வீட்டின் சுவரோரமாக உட்கார்ந்தாள். இன்பா பட்டனை அமுக்கினாள். மெர்சலின் ரிமோட்டோடு உட்கார்ந்தாள். தொப்பிக்காரன் பூவாளியைச் சாய்த்தான். முதல் பாத்தி நனைந்தபோது மெர்சலினின் இடது கை விரல்கள் பிரிந்தன, டெல்பினின் மடியில் பிள்ளையின் இடது கை விரல்கள் உதறிக்கொண்டன. இரண்டாவது பாத்தி நனைந்தபோது வலது கை. ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்காகக் கிடந்த கையை எப்படி உதறுவார்களோ, அப்படி, இரண்டு நிமிஷத்துக்கு ஒருதரம். டிவியின் பச்சை வெளிச்சத்தில் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை டெல்பின் பார்த்தாள். இரண்டு மூன்று பேர் பிள்ளையைப் பார்த்துவிட்டுச் சட்டென்று டிவியைப் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அவளுக்குக் கல்பனா டீச்சரின் ராசி இல்லாத ஆட்டமும் விளங்கியது: ஆடுகிறவர் அலுப்பு அமுக்கினவருக்குப் போகிறது, தானே அமுக்கித் தானே ஆடினால் தன்னிடமே திரும்பி வருகிறது. முதல் நாள் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தது தன் கை என்பதும், தன் எலும்பிலிருந்து இறங்கினது எங்கே ஏறியிருக்கும் என்பதும் அதற்குப் பின்னால் விளங்கின. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து மாடியேறினாள்.

பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொன்ன முதல் நாள் எல்லோரும் அவளைக் கொஞ்சினார்கள். இரண்டாம் நாள் கழுத்துகளும் முதுகுகளும் திரும்ப வலிக்க ஆரம்பித்ததும் கிண்டல் வந்தது.

"ஒத்த விரல வச்சு அமுக்குறதுக்கு இவ மவளுக்குத் தேய்மானமாம்."

"கான்வென்ட் விரலுல்லா."

மூன்றாம் நாள் அண்ணாச்சி நாலு பேரோடு வீட்டுக்கே வந்துவிட்டார். கழுத்து மறுபடி கோணியிருந்தது, அதனால் அவர் டெல்பினைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்த்துப் பேசினார். "தாயி, பெரியவுக அலுப்பு பத்து நாள் படுத்தாலும் போகாது. சின்னப்பிள்ளைக்கு வந்தாலும் ஒரு தூக்கம் போட்டா சரியாப் போயிரும். அதுக்குத்தான் கடவுள் பிள்ளைகளுக்கு அம்புட்டுத் தூக்கத்த வச்சிருக்கான்."

அப்படியானால் இவருக்குத் தெரியும். டெல்பினின் பயம் ஒரு நொடி நின்றுபோய், அந்த இடத்தில் வேறொன்று எழுந்தது. "அண்ணாச்சி, போன மாசம் உங்க மக வீட்டிலிருந்து பேத்தி வந்திருந்தாள்ல. இன்பாவவிட ரெண்டு மாசம் சின்னவ. பிளாக்லயே சின்னக் கை அவ கைதான். அவள ஏன் அமுக்க விடல?"

 கூட வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

"விட்டீங்க. ஒருதரம் விட்டீங்க," என்றாள் டெல்பின், சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே அது தெரியவந்தது. "மறுநாளே ஊருக்கு அனுப்பிட்டீங்க. சளின்னு சொன்னீங்க."

"அது மக வயித்துப் பிள்ள தாயி," என்றார் அண்ணாச்சி மின்விசிறியிடம், கெஞ்சுகிற குரலில், அது எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்பதுபோல்.

யாரும் கோபப்படவில்லை. அதுதான் டெல்பினைப் பயமுறுத்தியது. ஒருத்தி, "சரி, பிள்ளைக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் குடுத்து அமுக்கச் சொல்லலாம்" என்றாள், எல்லோரும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். போகும்போது ஒரு டப்பா மக்ரூன் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் அவள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்தபோது தொட்டிலில் பிள்ளை இல்லை. படிகளில் அவள் இறங்கவில்லை, விழுந்தாள் என்றுதான் சொல்லவேண்டும். மூலை வீட்டில் மெர்சலின் இடுப்பில் இன்பா இருந்தாள், கண் பாதி மூடியிருந்தது, அவளது விரலைக் கல்பனா டீச்சர் பிடித்திருந்தாள், வெளியே செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. எத்தனை ஆட்டம் முடிந்திருந்ததோ. டெல்பின் பிள்ளையைப் பிடுங்கினாள். பிள்ளை கனத்தது. நெல் மூட்டைபோல், ஈர வலைபோல் கனத்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கப் போட்டாள், இன்பா அதற்குப் பிறகு விழிக்கவில்லை. மூச்சு இருந்தது, தூக்கத்தில் விரல்களை உதறினாள், கழுத்தைச் சாய்த்தாள், ஒரு பிளாக் முழுசும் வேலை முடிந்து வந்து அந்தச் சின்ன உடம்புக்குள் படுத்துக்கொண்டதுபோல் ஒவ்வொரு பெருமூச்சும் வேறு வேறு குரலில் வந்தது.

பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிவிடலாம் என்றுதான் பையில் துணி அடுக்கினாள். அடுக்கும்போதே, ஊர் மாறினால் இது இறங்கிவிடுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, இறங்காது, ஏறின வழியாகத்தான் இறங்கும் என்று பதிலும் சொல்லிக்கொண்டு, பையைக் கவிழ்த்தாள்.

வாசலில் மெர்சலின் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் கட்டிலில் உதறிக்கொண்டிருந்த சின்ன விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என் கைல்லா," என்றாள்.

"ஆமா. ஒங்க கைதான்."

"கழுத அன்னைக்கே பாத்தேன் டெல்பி. சுவரோரமா நீ உக்காந்திருக்கும்போதே பாத்தேன். பாத்துட்டுத்தான் டிவியப் பாத்துக்கிட்டேன்." அவள் உள்ளே வரவில்லை, வாசலில் நின்றே அழுதாள். "இருவது வருசமா சோத்த உருண்ட புடிக்க முடியாத கைட்டி. என்னத்தச் சொல்ல."

டெல்பின் அவளை நம்பவில்லை. இந்த அழுகை பிள்ளைக்காகவா, நாளைக்கு இழக்கப்போகிற விரல்களுக்காகவா என்று யோசித்தாள். இருந்தாலும் சொன்னாள், சொல்ல வேறு யாரும் இல்லாததால் சொன்னாள்: நான் அமுக்கப் போகிறேன், பிள்ளையை ஆட வைக்கப் போகிறேன்.

மெர்சலின் வாயில் கை வைத்தாள். "இம்புட்டும் ஒனக்கு வந்துருமே. ஒரு பிளாக்குட்டி. நீ எந்திரிப்பியா?"

"தெரியல."

"அப்ப பிள்ளைய யாரு..."

"அதான் தெரியல."

மத்தியானம் தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. தண்ணீர் லாரி வந்தால் சி பிளாக்கில் ரிமோட்டைப் பிடித்திருப்பவர்கூட அப்படியே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு ஓடுவார். பிளாஸ்டிக் குடங்கள் மோதுகிற சத்தமும், "ஏய், நான் முதல்ல வந்தேன்" என்கிற சத்தமும் கேட்டுப் பக்கம் எழுந்தபோது டெல்பின் பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினாள். மெர்சலின் பின்னால் வந்தாள். குடம் எடுக்கவில்லை. சி பிளாக்கில் அவள் லாரிக்குப் போகாத முதல் நாள் அதுவாகத்தான் இருக்கும்.

மூலை வீட்டில் யாரும் இல்லை. தொப்பிக்காரன் தோட்டத்து நடுவில், யாரையோ எதிர்பார்க்கிறவன்போலவும் யாரையும் எதிர்பார்க்காதவன்போலவும் நின்றான். டெல்பின் பிள்ளையைத் தரையில் தன் மடியில் சாய்த்து உட்காரவைத்து, ரிமோட்டை அதன் இரண்டு கைக்குள்ளும் திணித்து, கட்டைவிரலைத் தண்ணீர் விடுகிற பட்டன் மேல் வைத்துப் பார்த்தாள். டிவியின் அந்தப் புளியங்கொட்டை ராகம் காதில் விழுந்ததும், இவ்வளவு நேரம் யார் கூப்பிட்டும் அசையாத பிள்ளையின் கட்டைவிரல், தூக்கத்துக்குள்ளிருந்தே, தாளம் பிடிப்பதுபோல் மெல்ல அசைந்தது. போதும். அதுபோதும் என்று டெல்பின் நினைத்தாள். பிள்ளையைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கதவுக்கு வந்தாள்.

"நான் வெளிய நிக்கேன்," என்றாள் மெர்சலின். "ஒருத்தர விட மாட்டேன். பிள்ள வெளிய வந்ததும் நான் தூக்கிக்கிடுதேன். அந்தப் பொட்டியத் தூக்கிக் கடல்ல வீசிருதேன். மாதா மேல ஆண."

"பிள்ள விரல யாரும் புடிக்கக் கூடாது."

"புடிக்க மாட்டாக."

"நீங்களும்."

மெர்சலின் வளைந்துகொண்டிருந்த தன் விரல்களைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு நொடி கூடுதலாக நீண்டது. "நானும்," என்றாள்.

அந்த ஒரு நொடியை டெல்பின் பார்த்துவிட்டாள். சத்தியம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு நொடி உண்டு என்று நினைத்தாள். தானும் முதல் நாள் கைதட்டலுக்காகப் பிள்ளையைக் கொடுத்தவள்தானே என்றும் நினைத்தாள். வெளியே குடங்களின் சத்தம் குறைந்துகொண்டு வந்தது. யாரோ மெர்சலினின் பேரைச் சொல்லி, குடத்தை எங்கே என்று கத்தினார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார்கள், கோபமில்லாமல், நியாயம் பேசிக்கொண்டு, கையில் பிஸ்கட்டோடு.

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளே மேலே ஒரு தாழ்ப்பாளும் கீழே ஒரு தாழ்ப்பாளும் இருந்தன, இரண்டும் துருவேறி, சூசை போன நாளிலிருந்து யாரும் தொடாதவை. மேல் தாழ்ப்பாள் தடித்தது, ஒரு கட்டடமே வந்து மோதினாலும் தாங்கும். அவள் கை முதலில் அதற்குத்தான் போனது. கை அங்கேயே நின்றது. திரும்பிச் சுவரோரம் பிள்ளையைப் பார்த்தாள், நின்றால் எவ்வளவு உயரம் வருவாள் என்று கண்ணால் அளந்தாள். பிறகு முழங்காலிட்டு, கால் பெருவிரல் கனத்தில் சன்னமாக இருந்த கீழ்த் தாழ்ப்பாளை, துரு உதிர உதிர முன்னும் பின்னும் ஆட்டி, ஒரு சின்னக் கை இழுத்தாலும் வரும்படி இலகுவாக்கி, அது ஒன்றை மட்டும் போட்டாள்.